மாசும் மறுவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வட்டத்தின் கூட்டங்களில் பெரும்பாலும் கேட்போர் வரிசையில் அமர்ந்திருந்தவன் நான். கவிதை எழுதுபவன் அல்லன், விரும்பிப் படிப்பவன். தொழிலால் தோல் மருத்துவன். பத்தாம் ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தபோது, கவிஞர்கள் நிறைந்த அவையில் மருத்துவன் எதைப் பேசுவது என்று சில நாள் தயங்கினேன். பிறகு ஒன்று தோன்றியது. உங்களுக்குக் கொடுப்பதற்கு என்னிடம் அதிகம் இல்லை. ஆனால் உங்களிடம் கேட்டுப் பெறுவதற்கு ஒன்று இருக்கிறது. அது ஒரு சொல். அச்சொல் எதற்கு வேண்டும், அதை மருத்துவர்கள் மட்டும் ஆக்கிவிட முடியாதது ஏன் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு குழந்தை பிறக்கிறது. சில மாதங்களுக்குள் அதன் உடலில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் தட்டையான புள்ளிகள் தோன்றுகின்றன. பிரெஞ்சு மொழியில் அவற்றுக்குப் 'பால்காப்பி' என்றே பெயர். ஒன்றிரண்டு புள்ளிகள் எவருக்கும் இருக்கலாம். ஆறோ அதற்கு மேலோ இருந்து, பருவம் எய்துவதற்கு முன்பே ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் மருத்துவர் கூர்ந்து நோக்கத் தொடங்குவார். சில ஆண்டுகள் கழித்து அக்குளிலும் தொடை இடுக்கிலும் எள் தூவினாற்போல் சிறு புள்ளிகள் வருகின்றன. கண்ணின் நிறத்திரையில் மிகச் சிறிய முடிச்சுகள் தோன்றுகின்றன. 1937 ஆம் ஆண்டில் ஆஸ்திரியக் கண் மருத்துவர் கார்ல் லிஷ் இவற்றை விரிவாக எழுதினார். இவை பார்வையைக் கெடுப்பதில்லை.

பருவ வயதில்தான் கழலைகள் எழத் தொடங்குகின்றன. தோலின் நிறத்திலோ சற்றுச் சிவந்தோ இருக்கும், மென்மையானவை. விரலால் அழுத்தினால், பொத்தான் துளைக்குள் புகுவதுபோல் உள்ளே அமிழும். விரலை எடுத்தால் மீண்டும் எழும். சிலருக்கு ஐந்தோ பத்தோ வருவதோடு நின்றுவிடும். சிலருக்கு நூற்றுக்கணக்கில், ஏன், ஆயிரத்துக்கும் மேல் வருவதுண்டு. கருவுற்ற காலத்தில் பெண்களுக்கு அவை எண்ணிக்கையிலும் பருமனிலும் கூடுவதும் உண்டு.

இதைப் பற்றி 1849 இல் டப்ளின் நகர அறுவை மருத்துவர் ராபர்ட் வில்லியம் ஸ்மித் ஒரு நூல் வெளியிட்டார். 1882 இல் ஸ்டிராஸ்பூர்க் நகரில் பணியாற்றிய ஜெர்மானிய நோயியல் அறிஞர் ஃபான் ரெக்லிங்ஹவுசன், இக்கழலைகள் நரம்பையும் அதைச் சூழ்ந்த நார்த் திசுவையும் சேர்ந்தவை என்பதை நிறுவினார். அதனால் நெடுங்காலம் இந்நோய் அவர் பெயராலேயே வழங்கிற்று. இன்று மருத்துவத் தமிழில் இதனை முதல் வகை நரம்பு நார்க்கழலை நோய் எனலாம். ஏறத்தாழ 3,000 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் உலகின் எல்லா இனத்தாரிடமும், ஆண் பெண் வேறுபாடின்றி இது காணப்படுகிறது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. அதே விகிதத்தில் கணக்கிட்டால், நம் மாநிலத்தில் மட்டும் சற்றேறக்குறைய 24,000 பேர். அவர்களுடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துப் பாருங்கள். இது அரிய நோய் என்று ஒதுக்கத்தக்க எண்ணிக்கை அன்று.

இந்த மக்கள் தங்கள் நோயை எப்பெயரால் குறிக்கிறார்கள்? கட்டி என்பார்கள், மரு என்பார்கள், உண்ணி என்பார்கள், கொழுப்புக் கட்டி என்று சொல்லிக்கொண்டு வருவோர் பலர். இவற்றுள் ஒன்றுகூடச் சரியான பெயர் அன்று. மரு என்பது கிருமியால் வருவது, பிறருக்குத் தொற்றக்கூடியது. கொழுப்புக் கட்டி வேறு திசுவில் எழுவது. இன்னொரு பெயரும் உண்டு. அதை நோயாளிகள் தாமாகச் சொல்வதில்லை, அவர்களைப் பார்ப்பவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். தொழுநோய் என்பதே அது. இந்நோய் தொற்றாது, தொட்டால் வராது, உணர்ச்சியை மரத்துப்போகச் செய்வதன்று. ஆயினும் நிறைந்து செல்லும் பேருந்தில் இவர்களுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே செல்லும். முகத்தில் இருபது கழலைகளோடு கடையில் மிச்சச் சில்லறை வாங்குகிறவர், அதைத் தம் உள்ளங்கையில் வைக்காமல் மேசைமீது வைப்பதைக் கவனித்துக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கிறார்.

ஒருமுறை ஒரு பள்ளி ஆசிரியை தம் மகளோடு வந்தார். தாய்க்குக் கழுத்திலும் கைகளிலும் கழலைகள். மகளுக்கு அப்போது புள்ளிகள் மட்டுமே. "டாக்டர், எனக்கு வலியில்லை, ஒன்றுமில்லை. மருந்துக்காக வரவில்லை. இதற்கு ஒரு பெயர் சொல்லுங்கள். நாளைக்கு இவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் நான் என்னவென்று சொல்வேன்?" என்று கேட்டார். மருத்துவப் பெயரைச் சொன்னேன். அதை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "இதைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்களே" என்றார். மருத்துவத்தில் அவருக்குத் தர என்னிடம் பல செய்திகள் இருந்தன. அவர் கேட்ட ஒன்று மட்டும் இல்லை.

அன்பர்களே, இங்கிருந்துதான் உங்கள் துறை தொடங்குகிறது.

ஒருவருடைய ஒழுக்கத்தை உயர்த்திச் சொல்ல நாம் எடுத்தாளும் தொடர் எது? 'மாசு மறுவற்றவர்' என்கிறோம். மாசு அழுக்கு, கழுவினால் போவது. மறு உடலோடு பிறந்த புள்ளி, கழுவினாலும் போகாதது. இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்து, இரண்டும் இல்லாதவனே நல்லவன் என்று முடித்துவிட்டோம். நம் அகராதிகளும் மறு என்ற சொல்லுக்குப் புள்ளி என்ற பொருளையும் குற்றம் என்ற பொருளையும் அடுத்தடுத்து வைக்கின்றன. நிலவில் தெரியும் கருமைக்குக் களங்கம் என்று பெயர். மனிதரின் நற்பெயர் கெடுவதற்கும் அதே பெயர். குறளில் நலம் புனைந்துரைத்தல் அதிகாரத்தில், நிலவுக்கு மறு உண்டு, காதலியின் முகத்துக்கு அது இல்லை என்ற கருத்தில் ஒரு குறள் வருவதை அறிவீர்கள். அதன் அழகில் எனக்கு ஐயமில்லை. காதலன் தன் காதலியைப் பாராட்டுவதில் என்ன தவறு? ஆனால் அந்த உவமை ஒரே திசையில் பல நூற்றாண்டுகள் ஓடி, நம் பேச்சுக்குள் இறங்கி, தோலில் உள்ள புள்ளியை மனத்தில் உள்ள குற்றத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டது. புள்ளியோடு பிறந்தவர் எதையும் செய்யாமலே எதற்கோ விடை சொல்ல வேண்டியவராகிவிட்டார்.

ஒரு பெயர் எவ்வளவு தூரம் தீங்கு செய்யும் என்பதற்கு, இதே நோயின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. அது இங்கிலாந்தில் நிகழ்ந்தது.

1862 ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரில் பிறந்தவர் ஜோசப் மெரிக். இளம் வயதிலேயே அவருடைய தலையும் வலக்கையும் கால்களும் எலும்பும் தோலும் மிதமிஞ்சி வளர்ந்து உருமாறின. பிழைக்க வழியின்றி ஏழையர் விடுதியில் சில ஆண்டுகள் கிடந்து, பின்னர் தம்மையே காட்சிப்பொருளாக்கிக்கொண்டார். காட்சி நடத்தியவர்கள் அவருக்கு 'யானை மனிதன்' என்று பெயரிட்டனர். 1884 இல் லண்டனில் அவரைக் கண்ட அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் டிரீவ்ஸ், இரண்டாண்டுகள் கழித்து லண்டன் மருத்துவமனையில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கச் செய்தார். 1890 இல், தமது 27 ஆம் வயதில், மெரிக் அங்கேயே இறந்தார். டிரீவ்ஸ் 1923 இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் அவருடைய முதற்பெயரைக்கூட ஜான் என்று மாற்றி எழுதிவிட்டார். பட்டப்பெயர் நிலைத்தது, சொந்தப் பெயர் நிலைக்கவில்லை.

நம் கதைக்கு வேண்டியது இதற்கு அப்பால் உள்ளது. மெரிக் இறந்து 19 ஆண்டுகள் கழித்து, 1909 இல், பார்க்ஸ் வெபர் என்ற லண்டன் மருத்துவர், அவருக்கு இருந்தது ரெக்லிங்ஹவுசன் நோயே என்று எழுதினார். கற்றவர்கள் அதை ஏற்றனர், பாடநூல்கள் ஏற்றன. அன்று முதல் நரம்பு நார்க்கழலை நோய்க்கு 'யானை மனிதன் நோய்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1980 இல் அதே பெயரில் வந்த திரைப்படம் அப்பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. உடலில் ஆறு புள்ளிகள் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குழந்தையின் பெற்றோர் நூலகத்துக்குப் போய் நூலைப் புரட்டினால், மெரிக்கின் படம் அவர்களை எதிர்கொண்டது. தங்கள் பிள்ளை இப்படித்தான் ஆகப் போகிறது என்று எத்தனை பேர் நடுங்கியிருப்பார்கள்!

1986 இல் டிப்பில்ஸ், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் மெரிக்கின் எலும்புகளையும் படங்களையும் பற்றிய செய்திகளை மீண்டும் ஆராய்ந்து, அவருக்கு நரம்பு நார்க்கழலை நோய் இல்லை என்று எடுத்துக் காட்டினர். அவருக்கு இருந்தது புரோட்டியஸ் நோய்க்குறித் தொகுதி என்பது அவர்கள் முடிவு; நினைத்தபடி உருமாறும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயரை 1983 இல் ஜெர்மானிய மருத்துவர் வீடமன் அதற்குச் சூட்டியிருந்தார். அது மிக மிக அரியது. கருவில் ஏதோ ஓர் உயிரணுவில் நேரும் மாற்றத்தால் வருவது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதில்லை. ஆக, 77 ஆண்டுகள் ஒரு நோயின் மக்கள் வேறொரு நோயின் முகத்தைத் தம் முகமாக எண்ணி அஞ்சிக்கொண்டிருந்தனர். உவமை கண்ணைக் கவர்ந்தது; அது பொருந்துகிறதா என்று பார்ப்பதற்குள் மூன்று தலைமுறைகள் கடந்துவிட்டன.

இதில் நமக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழில் யானை வெறுக்கத்தக்க உருவம் அன்று. வீரனைக் களிறு என்போம். நடையழகுக்குப் பிடியை உவமிப்போம். அதே நாம்தாம் ஒரு நோய்க்கு யானைக்கால் என்றும் பெயரிட்டோம். யானை மாறவில்லை, அதை எங்கே வைத்தோம் என்பதுதான் மாறியது.

மெரிக் தம் வாழ்க்கையைப் பற்றி வெளியிட்ட சிறு துண்டுநூலில், தாம் வயிற்றில் இருந்தபோது தம் தாய் ஒரு யானையைக் கண்டு அஞ்சியதே தம் உருவத்துக்குக் காரணம் என்று குறிப்பிட்டுள்ளார். அவரும் அதை நம்பினார். நம்மூரில் யானைக்குப் பதில் கிரகணம். கருவுற்றிருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாள், எதையோ கண்டு பயந்தாள், நேர்த்திக்கடனை நிறைவேற்றவில்லை, நாக தோஷம் இருக்கிறது என்று எத்தனையோ காரணங்கள். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அது போய் விழும் இடம் ஒன்றே: தாய். 'அக்காள் மகளைக் கட்டினான், அதனால் வந்தது' என்பாரும் உண்டு. சொந்தத்தில் மணம் முடிப்பதால் வேறு சில மரபு நோய்கள் மிகும் என்பது உண்மை. அவை தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதுற்ற இரு படிகள் வந்து சேர்ந்தால்தான் வெளிப்படுபவை. நரம்பு நார்க்கழலை நோய்க்கு ஒரு படி பழுதுற்றாலே போதும். ஆகவே அயலில் மணந்தாலும் சொந்தத்தில் மணந்தாலும் இதன் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கு என்ன? 1990 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இந்நோய்க்குரிய மரபணுவை 17 ஆம் குரோமோசோமில் கண்டறிந்தன. அது ஆக்கும் புரதம் 2,818 அமினோ அமிலங்கள் கோத்த நெடிய மாலை. உயிரணு அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுத்து நிறுத்துவது அதன் பணிகளுள் ஒன்று. நம் ஒவ்வொருவருக்கும் அம்மரபணுவின் இரண்டு படிகள் உண்டு. இந்நோயாளருக்கு ஒரு படி பிறவியிலேயே பழுது. நரம்பைப் போர்த்தியிருக்கும் உயிரணு ஏதேனும் ஒன்றில் மற்றொரு படியும் பழுதடையும்போது அங்கே ஒரு கழலை எழுகிறது. அது எந்த இடத்தில் நேரும், எத்தனை முறை நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. அதனால்தான் ஒரே குடும்பத்தில் தந்தைக்குச் சில புள்ளிகளோடு நின்றுவிடுகிறது. மகனுக்கு முதுகெல்லாம் கழலைகளாகிறது. நோயுள்ள தாய்க்கோ தந்தைக்கோ பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு சரிபாதி. முதற்பிள்ளைக்கு வந்துவிட்டதால் இரண்டாம் பிள்ளை தப்பிக்கும் என்பதில்லை. ஒவ்வொரு முறையும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது.

'பரம்பரை நோய்' என்ற பெயரையும் இந்த இடத்தில் சற்று உரசிப் பார்க்க வேண்டும். இந்நோயுள்ளவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குடும்பத்தில் முன்னோர் எவருக்கும் இது இருந்ததில்லை. மாற்றம் அவர்களிடத்தில்தான் முதன்முதலாக நேர்ந்திருக்கிறது. பரம்பரை என்று நாம் சொல்லியதும் மாமியார் மருமகளின் பிறந்த வீட்டைக் கிளறத் தொடங்குகிறார். பல சமயம் அங்கே ஒன்றுமே இருப்பதில்லை. பரம்பரையாக வந்தது, பரம்பரையாகப் போகக்கூடியது என்ற இரண்டும் வேறு வேறு. நம் ஒற்றைச் சொல் இரண்டையும் குழப்பிவிடுகிறது.

மரபணுவில் நேரும் மாற்றத்தைக் குறிக்க அறிவியல் தமிழில் 'விகாரம்' என்ற சொல்லை ஆளும் வழக்கமும் உண்டு. நோயாளியின் முன்னால் அச்சொல்லைச் சொல்ல எனக்கு நாக் கூசும். வழக்குத் தமிழில் விகாரம் என்றால் அருவருப்பான தோற்றம் என்றே பொருள். ஆனால் இலக்கணம் கற்ற உங்களுக்கு அச்சொல்லின் இன்னொரு முகம் தெரியும். நன்னூலார் புணர்ச்சியில் விகாரம் மூன்று என்கிறார்: தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகும்போது ஓர் எழுத்துத் தோன்றுகிறது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்துத் திரிகிறது. மரமும் வேரும் மரவேர் ஆகும்போது ஓர் எழுத்துக் கெடுகிறது. வியப்பு என்னவென்றால், மரபணுவில் நேரும் மாற்றங்களையும் ஆய்வாளர்கள் ஏறக்குறைய இப்படியே வகுக்கிறார்கள்: எழுத்துப் புகுதல், எழுத்து மாறுதல், எழுத்து விடுபடுதல். மரபணு விகாரத்தால் புரதம் பழுதுபடுகிறது என்பதை நான் மறைக்கவில்லை. பூங்கொடியில் எதுவும் பழுதாவதில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் எவரும் குற்றம் செய்யவில்லை. நன்னூலார் விகாரம் என்று சொன்னபோது எந்த எழுத்தையும் இழித்துச் சொல்லவில்லை. அந்த நடுநிலை நம் பேச்சிலிருந்து எப்போது போயிற்று?

மருத்துவர்களின் சொல்லையும் விட்டுவிடக் கூடாது. நாங்கள் இக்கழலைகளைத் 'தீங்கற்றவை' என்கிறோம். தோலில் எழும் இச்சிறு கழலைகள் புற்றுநோயாக மாறுவதில்லை என்பதே அதன் பொருள். அந்த அளவில் சொல் உண்மை. ஆனால் 'ஒன்றுமில்லை, தீங்கற்றது' என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவர் மறுபடி மருத்துவரிடம் வருவதில்லை. அங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. ஆழத்தில் நரம்புகளைப் பின்னிப் படரும் வேறொரு வகைக் கழலையும் இந்நோயில் உண்டு. அது புற்றாக மாறக்கூடும். வாழ்நாளில் அத்தகைய புற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு எட்டு முதல் பதின்மூன்று வரை என்று கணக்கிட்டுள்ளனர். பழைய கட்டி திடீரென வளர்ந்தாலோ, இறுகினாலோ, ஓயாது வலித்தாலோ காலம் கடத்தாமல் காட்ட வேண்டும். ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகளுக்குப் பார்வை நரம்பில் கழலை வருவதால், சிறு வயதில் ஆண்டுதோறும் கண்ணைச் சோதிக்க வேண்டும். பாதிப்பேருக்கேனும் கற்றலில் இடர்ப்பாடு இருக்கும். மந்தம் என்று பள்ளி ஒதுக்கிவிடுமுன் அதை அறிய வேண்டும். இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். பெண்களுக்கு மார்பகச் சோதனையைப் பிறரைவிட முன்னதாகத் தொடங்க வேண்டும்.

சிகிச்சையும் முன்போல் வெறுங்கையாக இல்லை. உறுத்துகிற, உராய்கிற, முகத்தில் உள்ள கழலைகளை அறுவையாலோ லேசராலோ மின்சூட்டாலோ நீக்கலாம். படர்ந்து பின்னும் வகைக்கு, அறுத்தெடுக்க முடியாத நிலையில் உள்ள குழந்தைகளுக்காக, செலுமெடினிப் என்ற மருந்துக்கு 2020 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய மிர்டாமெடினிப் என்ற மருந்துக்கு 2025 இல் ஒப்புதல் கிடைத்தது. இவை கழலையை முற்றும் அழிப்பவை அல்ல; பலருக்கு அதைச் சுருங்கச் செய்பவை. 1990 இல் மரபணு கண்டறியப்பட்டதிலிருந்து இங்கு வந்து சேர முப்பது ஆண்டுகள் ஆயின.

இவ்வளவும் பயன்பட வேண்டுமானால் நோயாளி வர வேண்டும். வருவதற்கு அவர் தம் நோயைப் பற்றிப் பேசக் கூடியவராக இருக்க வேண்டும். முழுக்கைச் சட்டைக்குள்ளும் முந்தானைக்குள்ளும் மறைத்துக்கொள்ளப்படும் ஒன்றை எந்த மருந்தும் தேடிப் போய்ச் சேராது. நான் ஒரு சொல்லைக் கேட்டு இங்கு வந்து நிற்பதன் காரணம் இதுவே.

நம் மொழி இத்துறையில் வறுமைப்பட்டது என்று எண்ணிவிட வேண்டா. சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனியில் தோன்றும் சுணங்கைப் புலவர்கள் எத்தனை இடங்களில் போற்றியிருக்கிறார்கள்! வேங்கைப் பூவின் நிறத்தை அதற்கு உவமித்தார்கள். புள்ளி அங்கே குறை ஆகவில்லை. திருமாலின் மார்பில் உள்ள மறுவைத் திருமறு என்றோம். அது திருமகள் உறையும் இடமாயிற்று. நஞ்சுண்டு கறுத்த சிவனின் மிடற்றைக் கறைமிடறு என்று பாடினோம். அந்தக் கறை பிறரைக் காத்ததன் அடையாளமாயிற்று. மறு, கறை என்னும் இதே சொற்களைத்தான் மாசுமறு என்றும் கறைபடிந்தவன் என்றும் நாம் மாற்றிப் பயன்படுத்துகிறோம்.

ஆனால் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். கழலையைப் பொன் என்றும் பூ என்றும் பாடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாள்தோறும் கண்ணாடி பார்க்கும் ஒருவர் அதைக் கேட்டால் ஏளனம் என்றே கொள்வார். தெய்வத்தின் அடையாளம் என்று சொல்வதும் உதவாது. அது மனிதரை மனிதருள்ளிருந்து வேறு வழியில் விலக்கிவைப்பது. எனக்கு வேண்டியது புகழ்ச்சியும் இகழ்ச்சியும் கலவாத ஓர் உண்மைச் சொல்.

அதற்கு முன் கதையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீயவன் ஒருவனைப் படைக்கும்போது அவன் கன்னத்தில் ஒரு மருவை வைத்துவிட்டு, பாத்திரப் படைப்பு முடிந்ததாக எண்ணுவதை விட்டுவிடுங்கள். நம் திரைப்படங்களில் கன்னத்தில் மருவை ஒட்டிக்கொண்டால் வேறு ஆளாகிவிடலாம் என்ற வழக்கம் ஒன்று இருந்தது, எல்லோரும் சிரித்தோம். அந்த அரங்கில் முகம் முழுதும் கழலைகளோடு அமர்ந்திருந்தவரும் சீட்டு வாங்கித்தான் வந்திருப்பார்.

இனி சொல்லுக்கு வருகிறேன். தமிழ் மக்கள் தோலின்மேல் புதிதாகத் தோன்றும் பலவற்றுக்கும் ஒரு வினையை ஆள்கிறார்கள். நெற்றியில் வியர்வை அரும்பியது என்கிறோம். மேலுதட்டில் மீசை அரும்புகிறது என்கிறோம். இந்த 'அரும்பு'தலில் அச்சமும் இல்லை, அருவருப்பும் இல்லை. உடலில் இயல்பாக ஒன்று தலைகாட்டியது என்பது மட்டுமே உண்டு. நம் நோயும் பருவ வயதில், மீசை அரும்பும் காலத்தில்தான் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. அது நரம்பிலிருந்து எழுவது. ஆகவே 'நரம்பரும்பு' என்று சொல்லிப் பார்த்தேன். மரு என்ற பெயரைப்போல் தொற்று என்ற பொய்யைச் சொல்லவில்லை. எங்கிருந்து வருகிறது என்ற உண்மையைச் சொல்கிறது. மேலும் எழக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. ஊனமுற்றோர் என்பது போய் மாற்றுத்திறனாளி என்ற சொல் வந்ததையும், திருநங்கை என்ற சொல் வழக்கில் ஊன்றியதையும் நாம் கண்ணெதிரே கண்டோம். சொல் மாறியதாலேயே வாழ்வு மாறிவிடவில்லை; ஆயினும் அழைக்கப்படுகிறவர் நிமிர்ந்து திரும்பிப் பார்க்கும்படியான பெயர் கிடைத்தது.

நரம்பரும்பு என்பது மருத்துவன் ஒருவன் கட்டிய சொல். ஓசை சரியில்லை என்று நீங்கள் சொல்லலாம்; பூவின் வாடை கூடுதலாக அடிக்கிறது என்றும் சொல்லலாம். அப்படியானால் இதைத் தள்ளிவிட்டு இதனினும் நல்லதொன்றைத் தாருங்கள். சொல்லை உரைத்துப் பார்க்க மூன்று இடங்களை மட்டும் நினைவில் வையுங்கள்: மருத்துவமனைச் சீட்டு, பள்ளிக்கூட வகுப்பறை, திருமணப் பேச்சு. இம்மூன்றிலும் ஒரே சொல், பொய்யில்லாமலும் குரல் தாழாமலும் சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் கவிதை வாசிப்பு முடிந்தபின் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்குவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆளுக்கொரு சொல்லோடு வாருங்கள்; நான் வழக்கம்போல் கேட்போர் வரிசையில் இருப்பேன்.